பூரணம் வைத்த மிளகாய்

கொழுக்கட்டைக்குப் பூரணம் வைப்பது நாம் அறிந்தது. கத்தரிக்காயைக் காம்பு விடாமல் நான்காகக் கீறி, வறுத்தரைத்த மசாலாவை அடைத்து எண்ணெயில் வதக்குவதும் நம் வீடுகளில் உள்ள வழக்கமே. மிளகாய்க்கே பூரணம் வைத்து விருந்தின் முதற்பண்டமாகப் படைப்பது மெக்சிகோ நாட்டார் உலகிற்குத் தந்த கைவண்ணம். ஹலபேனோ என்னும் கட்டைவிரல் நீளப் பச்சை மிளகாயை நெடுக்காகப் பிளந்து, உள்ளிருக்கும் வெண்ணரம்பைச் சுரண்டி எறிந்துவிட்டு, அக்குழியில் பாலாடைக்கட்டியை நிறைத்துச் சுட்டெடுப்பது அதன் இக்கால வடிவம். அரிசியும் கோதுமையும் சோளமும் சேராத இச்சிறு பண்டத்தை, மாவுச்சத்தைக் குறைத்து உண்ண விழைவோர் இன்று பல நாடுகளில் விரும்பித் தேடுகின்றனர்.

ஒரு வாய்க்குள் அடங்கிவிடும் பண்டம்தான். எனினும், மனிதர் எதை உண்டனர் என்பதை மட்டுமன்றி, எதை உண்ணாது விட்டனர் என்பதையும் அது நமக்குச் சொல்கின்றது. இப்பண்டத்தின் வரலாற்றில் இரண்டு நோன்புகள் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்று, மிளகாயைத் துறந்து தானியத்தைக் காத்த நோன்பு. மற்றொன்று, தானியத்தைத் துறந்து மிளகாயைக் காக்கின்ற நோன்பு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஐந்நூறு ஆண்டுகளின் கதையைச் சற்றே நின்று நோக்குவது பயன் தரும்.

தானியமும் அதன் துணையும்

மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். நாம் இன்று பெரிதும் பயன்படுத்தும் மிளகாய் இனம் மெக்சிகோவில் மனிதர் கையால் பயிராக்கப்பட்டது. அந்நாட்டின் தெவாகான் பள்ளத்தாக்குக் குகைகளில் பல்லாயிரம் ஆண்டுப் பழைமையான மிளகாய் எச்சங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. அங்கு வாழ்ந்த நாவா மக்களின் மொழியாகிய நாவாட்லில் இதன் பெயர் 'சில்லி'. ஸ்பானியர் அதனைச் 'சிலே' என்றனர். ஆங்கிலேயர் மீண்டும் 'சில்லி' என்றனர். ஹலபேனோ என்ற பெயரோ, வெராகுரூஸ் மாநிலத்தின் தலைநகராகிய ஹலாப்பாவிலிருந்து வந்தது. சதைப்பற்று மிகுந்த இக்காய் வெயிலில் எளிதில் காயாது, அழுகிவிடும். ஆகவே அம்மக்கள் அதனைப் புகையில் வாட்டிச் சேமித்தனர். புகையூட்டிய மிளகாய் என்று பொருள்படும் நாவாட்ல் சொல்லே இன்று 'சிப்போட்லே' என வழங்குகின்றது.

மிளகாய் அங்கே தனித்து நின்ற உணவன்று. மக்காச்சோளமே அம்மக்களின் உயிர். குவாத்தமாலாவின் மாயா மக்களுடைய போபோல் வூ என்னும் தொன்னூல், மனிதன் மக்காச்சோள மாவினாலேயே உருவாக்கப்பட்டான் என்று கூறுகின்றது. சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, தோல் நீக்கி, கல்லில் அரைத்து, ரொட்டியாகத் தட்டிச் சுடுவர். இச்சுண்ணாம்பு முறை வெறும் சமையல் நுட்பம் மட்டுமன்று. அதனால்தான் சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நயாசின் என்னும் உயிர்ச்சத்து உடலில் சேர்கின்றது. சோளத்தை மட்டும் கொண்டுசென்று, சுண்ணாம்பு முறையைக் கற்காமல் விட்ட ஐரோப்பிய ஏழைகள் பெல்லாக்ரா என்னும் கொடிய தோல் நோய்க்கும் மனநோய்க்கும் பதினெட்டாம் நூற்றாண்டு முதலே இரையாயினர்.

சோளமும் அவரையும் வயிற்றை நிறைத்தன; மிளகாய் அவற்றுக்குச் சுவை கொடுத்தது. சுவை மட்டுமா? பச்சை மிளகாயில் சி வைட்டமின் மிகுதி. ஹங்கேரி நாட்டின் செகெட் நகரில் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி என்னும் அறிஞர் இவ்வுயிர்ச்சத்தைப் பெருமளவில் பிரித்தெடுத்தது அவ்வூரின் மிளகாய்ப் பழங்களிலிருந்தே. அவருக்கு 1937இல் நோபல் பரிசு கிடைத்தது. இறைச்சியும் பழமும் அருகிய ஏழையின் தட்டில், ஒரு மிளகாய் செய்த நன்மை சிறிதன்று.

மிளகாயைத் துறந்த நோன்பு

1529ஆம் ஆண்டில் பிரான்சிஸ்கன் சபைத் துறவி பெர்னார்தினோ தெ சகாகூன் மெக்சிகோ வந்தார். நாவாட்ல் மொழியைக் கற்றுத் தேர்ந்து, த்லத்தெலோல்கோவின் தூய சிலுவைக் கல்லூரியில் நாவா இளைஞருக்குக் கல்வி புகட்டினார். பின்னர் அம்மாணவர்களையும் ஊர்ப் பெரியவர்களையும் துணைகொண்டு, அம்மக்களின் வாழ்வையும் வழிபாட்டையும் உணவையும் மருந்தையும் பன்னிரண்டு பாகங்களில் எழுதிவைத்தார். நாவாட்லும் ஸ்பானியமும் பக்கம் பக்கமாக அமைந்த அந்நூல் இன்று இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகர நூலகத்தில் உள்ளது. வென்றவர் தரப்பிலிருந்து வந்த ஒருவர், வெல்லப்பட்டவரின் அடுக்களையையும் ஆவணமாக்கியது வரலாற்றில் அரிது. சந்தையில் மிளகாய் விற்பவரின் பக்கமும் அந்நூலில் உண்டு. நல்ல வணிகர் எவ்வகை மிளகாயை விற்பார், தீய வணிகர் எவ்வாறு கெட்டதைத் தலையில் கட்டுவார் என்றெல்லாம் அது விரிக்கின்றது.

அந்நூலில்தான் நம் கருத்தைக் கவரும் ஒரு செய்தி இடம்பெறுகின்றது. எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நாவா மக்கள் 'அத்தமல்குவாலிஸ்த்லி' என்னும் நோன்பு நோற்றனர். நீரில் வெந்த வெறும் சோள மாவுக் கொழுக்கட்டை உண்ணல் என்பது அதன் பொருள். அந்நாள்களில் மிளகாய் இல்லை, உப்பு இல்லை, சுண்ணாம்பும் சேர்ப்பதில்லை. ஏனெனில், ஆண்டு முழுதும் சோளத்தின்மேல் உப்பையும் காரத்தையும் சுண்ணாம்பையும் ஏற்றி அதனைத் துன்புறுத்துகின்றோம். எனவே அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும், அப்போதுதான் அது மீண்டும் இளமை பெறும் என்று அவர்கள் நம்பினர். உண்ணப்படும் பொருளுக்கும் ஓய்வுநாள் உண்டு என்று எண்ணிய மனம் வியப்புக்குரியது. எட்டாண்டுக்கு ஒருமுறை வந்த இந்நோன்பு மட்டுமன்று. அம்மக்களின் பிற நோன்புகளிலும் உப்பையும் மிளகாயையும் விலக்குவதே பெருவழக்கு.

நோன்பில் எதை விடுகின்றோம் என்பது, எது நம் இன்பம் என்பதைக் காட்டும். எதை விடாது வைத்துக்கொள்கின்றோம் என்பது, எது நம் உயிர் என்பதைக் காட்டும். நாவா மக்களுக்கு மிளகாய் இன்பம், சோளம் உயிர்.

பாலும் மிளகாயும் கலந்த அடுக்களை

1521இல் மெக்சிகோவின் தலைநகர் ஸ்பானியரிடம் வீழ்ந்தது. அதுவரை அம்மண்ணில் பால் தரும் கால்நடை இல்லை, பன்றி இல்லை, கொழுப்பில் பொரித்தெடுக்கும் வழக்கமும் இல்லை. மாடும் ஆடும் பன்றியும் கப்பலில் வந்திறங்கின. அவற்றோடு பாலாடைக்கட்டியும் பன்றிக் கொழுப்பும் அடுக்களைக்கு வந்தன. மேய்ச்சல் மாடுகள் நாவா மக்களின் சோளக் கொல்லைகளை மிதித்தழித்த வழக்குகளும், அம்மை போன்ற புதிய நோய்கள் ஊர் ஊராக மக்களை வாரிச்சென்ற துயரமும் அதே காலத்தவை. பாலாடைக்கட்டி நிறைத்த மிளகாய் பிறந்த தொட்டில், இன்பமும் துன்பமும் ஒருங்கே கிடந்த தொட்டில் என்பதை மறத்தலாகாது.

1531இல் ஸ்பானியர் நிறுவிய புவெப்லா நகரில் இக்கலப்பு தனிச் சிறப்புப் பெற்றது. அந்நகரின் பெயராலேயே வழங்கும் பொப்லானோ மிளகாய் அகன்றது, காரம் குறைந்தது. அதனைத் தணலில் வாட்டித் தோலுரித்து, ஒரு பக்கம் கீறி, விதை நீக்கி, பாலாடைக்கட்டியையோ கொத்திய இறைச்சியையோ நிறைத்து, அடித்த முட்டையில் தோய்த்துப் பொரித்தெடுப்பர். 'சிலே ரெயேனோ', அதாவது நிறைத்த மிளகாய் என்பது இதன் பெயர்.

இவ்வகைப் பண்டங்கள் வளர்ந்ததில் பெண் துறவற மடங்களுக்குப் பெரும்பங்குண்டு. மெக்சிகோவின் பெருங்கவிஞரும் துறவியுமான சோர் ஹுவானா இனெஸ் தெ லா குரூஸ், 1691இல் எழுதிய புகழ்பெற்ற மடலில், முட்டை வெண்ணெயில் ஒருவாறும் பாகில் வேறொருவாறும் உருமாறுவதை அடுக்களையில் நின்று ஆராய்ந்ததைக் குறிப்பிடுகின்றார். நூல்கள் விலக்கப்பட்டபோதும் அறிவு அடுப்பங்கரையில் தன் பாடத்தைத் தேடிக்கொண்டது. அம்மடங்களில் அம்மியொத்த கல்லில் சோளமும் மிளகாயும் அரைத்தோரில் பலர் பெயர் அறியப்படாத பழங்குடிப் பணிப்பெண்கள் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். இரண்டு உலகங்களின் சமையல் ஒரே பாத்திரத்தில் கலந்தது பெரும்பாலும் அவர்தம் கைகளாலேயே.

1821 ஆகஸ்ட் 24 அன்று கொர்தோபா உடன்படிக்கை கையெழுத்தாகி மெக்சிகோவின் விடுதலை உறுதியாயிற்று. அதற்கு நான்கு நாள் கழித்து, தூய அகுஸ்தினார் திருநாளில், புவெப்லாவின் தூய மோனிக்கா மடத்து அகுஸ்தினார் சபைக் கன்னியர், படைத்தலைவர் அகுஸ்தின் தெ இட்டுர்பிதேயின் பெயர்விழாவுக்காக ஒரு புதிய பண்டம் படைத்தனர் என்பது செவிவழி மரபு. இறைச்சியும் பழத்துண்டுகளும் நிறைத்த பச்சை மிளகாய், அதன்மேல் வெண்ணிற அக்ரூட் பருப்புக் குழம்பு, அதன்மேல் சிவந்த மாதுளை முத்துகள். பச்சை, வெள்ளை, சிவப்பு என்னும் புதிய நாட்டின் முந்நிறமும் ஒரு தட்டில் ஒளிர்ந்தன. இக்கதையின் நுணுக்கங்களை வரலாற்றாசிரியர் ஐயுறுவர். ஆயினும் 'சிலே என் நொகாதா' எனப்படும் அப்பண்டம் இன்றும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில், அக்ரூட்டும் மாதுளையும் ஒருங்கே கிடைக்கும் பருவத்தில், மெக்சிகோ மக்களின் விடுதலை விருந்தாகத் திகழ்கின்றது.

விருந்தளித்தோரின் பின்கதை துயரமானது. இட்டுர்பிதே 1822இல் பேரரசராக முடிசூடி, 1824இல் சுட்டுக்கொல்லப்பட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வந்த சீர்திருத்தச் சட்டங்கள் துறவற மடங்களை மூடின. தூய மோனிக்கா மடத்துக் கன்னியரோ பல பத்தாண்டுகள் மறைந்தே வாழ்ந்தனர். 1934இல் அவர்களது மறைவிடம் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று அக்கட்டடம் சமயக் கலைக் காட்சியகம்.

தவக்காலத்திற்கும் நிறைத்த மிளகாய்க்கும் உறவுண்டு. ஸ்பெயின் அரசின் குடிகள், காணிக்கை செலுத்திப் பெற்ற திருத்தந்தையின் சலுகை மடலால், புலால் விலக்கும் நாள்களிலும் பாலும் முட்டையும் உண்ண இசைவு பெற்றிருந்தனர். எனவே கொத்திறைச்சிக்கு மாற்றாகப் பாலாடைக்கட்டி நிறைத்த மிளகாய் தவக்கால வெள்ளிக்கிழமைப் பண்டமாயிற்று. இன்றும் அங்ஙனமே வழங்குகின்றது. நாவா மக்கள் நோன்பில் விலக்கிய மிளகாய், அவர்தம் வழித்தோன்றல்களின் நோன்பில் நடுத்தட்டுக்கு வந்தது. நோன்பின் பொருள் மாறியபோது உணவின் இடமும் மாறியது.

சூடே இல்லாத சூடு

பாலும் மிளகாயும் ஏன் இத்துணை இசைந்தன? காரத்தின் காரணமான வேதிப்பொருளுக்கு 1876இல் ஜான் கிளாஃப் திரெஷ் 'கேப்சைசின்' எனப் பெயரிட்டார். 1912இல் வில்பர் ஸ்கோவில், கரைசலை எத்தனை மடங்கு நீர்த்தால் நாவுக்குக் காரம் தெரியாமற்போகும் என்று கணக்கிட்டு ஓர் அளவுகோல் வகுத்தார். அதன்படி ஹலபேனோவின் காரம் ஏறத்தாழ 2,500 முதல் 8,000 வரை. 1997இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் நரம்புமுனைகளில் இக்காரத்தை ஏற்கும் புரதத்தைக் கண்டறிந்தனர். ஏறத்தாழ 43 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தை உணர்த்தும் அதே புரதமே மிளகாய்க்கும் விழித்துக்கொள்கின்றது. ஆகவே மிளகாய் தின்றவன் தன் நாக்கு எரிவதாக உணர்வது உண்மை. ஆனால் அங்கே நெருப்பு இல்லை. ஜூலியசுக்கு 2021இல் நோபல் பரிசின் பங்கு வாய்த்தது.

இக்காரம் நீரில் கரையாது; கொழுப்பில் கரையும். தண்ணீரை மடமடவெனக் குடித்தும் எரிச்சல் தணியாதது இதனாலேயே. பாலிலுள்ள கேசின் என்னும் புரதமும் பால்கொழுப்பும் காரத்தைப் பற்றி நாவினின்று அகற்றுகின்றன. மேலும், காரம் விதையில் பிறப்பதென்று பலரும் எண்ணுவர். அது விதைகள் ஒட்டியிருக்கும் வெண்ணரம்பிலேயே சுரக்கின்றது. அவ்வெண்ணரம்பைச் சுரண்டி எடுத்து, அவ்விடத்தில் பாலாடைக்கட்டியை வைத்தவர் அறிவியல் நூல் எதையும் கற்றவரல்லர். நாவும் கையும் பல தலைமுறையாகச் செய்த ஆய்வின் முடிவு அது.

மாவைத் துறந்த நோன்பு

நிறைத்த மிளகாய் எல்லை கடந்து அமெரிக்க ஐக்கிய நாடுகளில் புது உருவம் கொண்டது. நியூயார்க் மாநிலத்தின் செஸ்டர் ஊரில் வில்லியம் லாரன்ஸ் என்னும் பால்பண்ணையாளர் 1872இல் உருவாக்கிய கிரீம் சீஸ், ஹலபேனோவின் வயிற்றில் புகுந்தது. ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த அப்பண்டம் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் உணவகம்தோறும் முதற்பண்டமாகப் பரவிற்று. பின்னர், மாவுச்சத்தை விலக்குவோர் அதன் ரொட்டித்தூள் மேலாடையைக் களைந்தனர்.

மாவை விலக்கும் மருத்துவம் பழையது. 1797இல் ஜான் ரோல்லோ என்னும் படைமருத்துவர், நீரிழிவுற்ற ஓர் அலுவலருக்கு இறைச்சியும் கொழுப்பும் மிகுந்த உணவை விதித்ததை நூலாக வெளியிட்டார். 1863இல் இலண்டனில் வில்லியம் பேன்டிங் என்பார் ஒரு சிறு நூலை அச்சிட்டார். சவப்பெட்டியும் இறுதிச்சடங்கும் ஏற்பாடு செய்வது அவர் தொழில். உடல் பருத்து, குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டவும் இயலாதிருந்த அவர், மருத்துவர் வில்லியம் ஹார்வியின் சொற்படி ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விட்டு இளைத்த கதையை அதில் எழுதினார். அவர் பெயரே சில காலம் இவ்வுணவு நெறிக்குப் பெயராயிற்று. 1922 ஜனவரியில் டொராண்டோ நகரில் ஒரு சிறுவனுக்கு இன்சுலின் செலுத்தப்படும் வரை, நீரிழிவுற்ற குழந்தைகளுக்கு மாவை விலக்கிய பட்டினி உணவே ஆயுளைச் சற்று நீட்டும் ஒரே வழியாக இருந்தது. 1972இல் ராபர்ட் அட்கின்ஸ் எழுதிய நூல், நோயாளியின் பத்தியத்தைச் செல்வ நாடுகளின் பொது வழக்காக்கிற்று.

இன்றைய செய்முறை எளிது. பன்னிரண்டு ஹலபேனோ மிளகாய்களை நெடுக்காகப் பிளந்து, சிறு கரண்டியால் வெண்ணரம்பும் விதையும் நீக்க வேண்டும். கையுறை அணிவது நலம். இல்லையேல் கையில் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். அக்கையால் கண்ணைத் தொடலாகாது. 225 கிராம் கிரீம் சீஸுடன் 100 கிராம் துருவிய பாலாடைக்கட்டி, நசுக்கிய பூண்டு இரண்டு பல், அளவான உப்பு சேர்த்துப் பிசைந்து குழிகளில் நிறைக்கலாம். ஓவனில் 200 பாகை வெப்பத்தில் 20 நிமிடம், மேற்புறம் பொன்னிறமாகும் வரை சுட்டால் போதும். மிளகாயின் பச்சை நிறம் சற்றே மங்கி, தோல் சுருங்கத் தொடங்குவதே பதம். ஒரு மிளகாயில் உள்ள மாவுச்சத்து ஏறத்தாழ 1 கிராம் மட்டுமே. நம் நாட்டில் பஜ்ஜி மிளகாயும், துணியில் கட்டி நீர் வடித்த தயிரோடு உதிர்த்த பன்னீரும் கொண்டு இதனைச் செய்யலாம். ஓவன் இல்லாதார் கனத்த தோசைக்கல்லில் மூடிவைத்துச் சிறுதீயில் வேகவிடலாம்.

நம் தட்டில்

1493 ஜனவரியில் கொலம்பஸ் தம் நாட்குறிப்பில், தீவு மக்களின் மிளகாய் மிளகினும் சிறந்தது என்று எழுதிவைத்தார். மிளகைத் தேடிப் புறப்பட்டவருக்குக் கிடைத்தது மிளகாய். ஐந்தாண்டு கழித்து வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்தார். தொடர்ந்து வந்த போர்த்துக்கீசியக் கப்பல்களின் வழியே பதினாறாம் நூற்றாண்டில் மிளகாய் இந்தியா வந்தது. வந்த விருந்தாளிக்கு நம் முன்னோர் புதுச்சொல் தேடி அலையவில்லை. மிளகைப் போல் காரம் தரும் காய் என்று கருதி 'மிளகாய்' என்றனர். இன்றும் பல குடும்பங்களில் திவசச் சமையலில் மிளகாய் சேர்ப்பதில்லை; மிளகே காரம். அது வந்தேறி என்பதை அடுக்களை மறக்கவில்லை. ஆயினும் இராமநாதபுரத்தின் வானம் பார்த்த பூமியில் விளையும் முண்டு மிளகாய் 2023இல் புவிசார் குறியீடு பெறும் அளவுக்கு அவ்வந்தேறி இம்மண்ணின் பிள்ளையாகிவிட்டது.

பாலையும் மிளகாயையும் இணைக்கும் அறிவு நமக்கும் தானாகவே கைவந்தது. காம்போடு கீறிய மிளகாயை உப்பிட்ட மோரில் ஊறவைத்து, பகலில் வெயிலிலும் இரவில் மோரிலும் மாற்றி மாற்றி இட்டுக் காயவைக்கும் மோர் மிளகாய் அதற்குச் சான்று. புவெப்லா மடத்து மிளகாய்க்கும் நம் மோர் மிளகாய்க்கும் பேச்சுவார்த்தை ஏதும் நடந்ததில்லை. எனினும் நாவின் நியாயம் இரண்டிடத்தும் ஒன்றே.

வேற்றுமை ஒன்றுண்டு. நம் மோர் மிளகாய் சோற்றுக்குத் துணை. பழைய சோற்றுக்கும் கஞ்சிக்கும் ஒரு பச்சை மிளகாயும் இரண்டு சின்ன வெங்காயமும் இருந்தால் வயலுக்குப் போகிறவரின் காலை கழிந்துவிடும். நாவா உழவரின் சோள ரொட்டிக்கும் அதே துணைதான். இரு நாட்டிலும் வேறு கறி வாங்க வழியற்றவனுக்கு வெறுஞ்சோற்றை உள்ளே தள்ளிய தோழன் மிளகாயே. இன்று அத்தோழனைச் சோற்றினின்று பிரித்து, தனியே ஒரு தட்டில் வைத்து, இதுவே உடல்நலம் என்கின்றோம்.

அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவுற்றோர் என மதிப்பிட்டது. நம் மக்கள் உண்ணும் ஆற்றலில் ஏறத்தாழ 60 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகின்றது. சோற்றைக் குறைத்துக் காயையும் பருப்பையும் கூட்டுங்கள் என்று மருத்துவர் கூறுவது நியாயமே. எனினும் இன்சுலினோ மாத்திரையோ கொள்வோர் தாமாகவே சோற்றை நிறுத்துவது இடர் தரும். மருத்துவரைக் கேட்டே செய்தல் வேண்டும்.

ஆனால் பங்குமக்களின் இல்லங்களைச் சந்திக்கும்போது நாம் காண்பது வேறொன்று. நீரிழிவுப் பத்தியம் எழுதிய தாள் சுவரில் தொங்கும். அடுப்பில் நியாயவிலைக் கடை அரிசி கொதிக்கும். தமிழகத்தில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைதாரருக்கு அரிசி விலையின்றிக் கிடைக்கின்றது. பசியை விரட்டிய அந்நன்மையை எவரும் குறைத்துப் பேசலாகாது. எனினும் பாலாடைக்கட்டியும் பன்னீரும் முட்டையும் விலையின்றிக் கிடைப்பதில்லை. கூலிக்குச் செல்லும் ஒரு தாய் 'சோற்றைக் குறைங்க' என்ற மருத்துவரின் சொல்லைக் கேட்டுத் தலையசைக்கின்றார். குறைத்த சோற்றின் இடத்தில் எதை வைப்பது என்று அவருக்கு எவரும் சொல்வதில்லை. மிளகாயின் வயிற்றைக் குடைந்தெடுத்தோர் அங்கே பாலாடைக்கட்டியை வைத்தனர். ஏழையின் வயிற்றில் சோற்றைக் குறைத்தால் அவ்விடம் வெறுமையாகவே கிடக்கின்றது.

துறத்தலும் இல்லாமையும்

நோன்பு என்பது உள்ளவன் விடுவது. இல்லாதவனின் பட்டினிக்கு நோன்பு என்ற பெயர் பொருந்தாது. தவக்காலம்தோறும் நாம் வாசிக்கும் எசாயா இறைவாக்கினரின் 58ஆம் அதிகாரம், தன்னை ஒறுப்பதோடு நின்றுவிடாமல் பசித்தவரோடு உணவைப் பகிர்வதையே இறைவன் விரும்பும் நோன்பாகக் காட்டுகின்றது. நாவா மக்களோ, அந்நெறியை அறியாக் காலத்திலேயே, தமக்கு உணவான சோளத்துக்கும் இரக்கம் காட்டினர். உண்பவனின் உடல் மட்டும் அவர்தம் நோன்பின் எல்லையன்று. இன்றைய பத்தியத்தின் எல்லையோ பெரும்பாலும் நம் இடுப்பளவும் எடைக்கருவியின் முள்ளுமே.

ஆகவே பூரணம் வைத்த மிளகாயைச் சுவைக்க வேண்டா என்பது நம் கருத்தன்று. உடல்நலத்துக்காகச் சோற்றைக் குறைப்போர் குறைக்கட்டும். அதுவும் இறைவன் தந்த உடலைப் பேணும் கடமையே. குறைத்த பிடி அரிசியின் விலையும், விருந்தில் தவிர்த்த இனிப்பின் விலையும் எங்கே போகின்றன என்று மட்டும் எண்ணிப் பார்ப்போம். பங்கின் அன்பியங்களில் நீரிழிவுற்ற ஏழைக் குடும்பங்கள் எத்தனை என்பதை அன்பியப் பொறுப்பாளர்கள் அறிவார்கள். வாரம் ஒருமுறை அவர்களுக்குச் சில முட்டைகளும் ஒரு பிடி பயறும் இரண்டு கீரைக்கட்டும் சென்று சேர்வது பெருஞ்செலவன்று. அவ்வாறு சேர்ந்தால், நாம் துறந்த சோறு அடுத்த வீட்டுத் தட்டில் வெற்றிடமாக நில்லாது, பூரணமாக நிறையும்.